‘தவறான தகவல் கொடுத்தார்’ என்று பாலிசிப் பணத்தை மறுத்துவிட்டார்கள்: என் கணவர் மோசடிக்காரரா?

கேள்வி: என் கணவர் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு டிரைவர். 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரீமியம். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஏஜெண்ட்தான் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பினார். இவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். அப்போது இவருக்கு எந்த நோயும் இல்லை. 2021 கடைசியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை பார்க்கும் அம்மா வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது. 2023 பிப்ரவரி தவணையைக் கட்ட முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூலையில் அதே ஏஜெண்ட் மூலம் பாக்கியைக் கட்டிப் புதுப்பித்தோம். மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொன்னோம். ‘அதையெல்லாம் எழுதினால் வீண் அலைச்சல்’ என்றார். 2024 நவம்பரில் நடுராத்திரி நெஞ்சுவலி. ஜிப்மருக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உடல்நிலை பற்றிய விவரங்களைத் தவறாகக் குறிப்பிட்டிருக்கிறார், வயதும் இரண்டு வருடம் வித்தியாசம், அதனால் பணம் இல்லை என்கிறார்கள். ‘கிளறினால் மோசடி கேஸ் போடுவார்கள், விட்டுவிடு’ என்கிறார்கள் உறவினர்கள். பணம் வரும், வராது என்பது இருக்கட்டும். என் கணவர் பொய்யரா?

வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வழக்கறிஞர், மஞ்சக்குப்பம்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். இந்தப் படிவங்களில் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஒருவர் மேல் உள்ள குற்றப் பொறுப்பு அவரோடு முடிந்துவிடும். அது மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ வாரிசாக வராது. பணத்தைக் கேட்டதற்காக யாரும் உங்கள் மேல் கேஸ் போட முடியாது. அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கணவர் பொய்யரா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால், 2020இல் அவர் சொன்னது உண்மை. 2023இல் அவர் கையெழுத்துப் போட்ட தாளில் இருப்பது உண்மை இல்லை. ஆனால் உண்மை இல்லாத ஒன்று தாளில் இருப்பதும், ஒருவர் ஏமாற்ற நினைத்தார் என்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. உங்கள் வழக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தவறாகச் சொன்னது, மறைத்தது, மோசடி செய்தது என்று மூன்றையும் மறுப்புக் கடிதங்களில் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு மூன்றும் ஒன்று போலவே தோன்றும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இவற்றுக்கு வேறு வேறு பிரிவுகள் இருக்கின்றன. தனக்கே உண்மை இல்லை என்று தெரிந்த ஒன்றை, அடுத்தவரை ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னால் அது மோசடி, 17ஆவது பிரிவு. உண்மை என்று நம்பியே ஒன்றைச் சொல்லி, அது தவறாகப் போனால் அது 18ஆவது பிரிவு. தவறு இரண்டிலும் உண்டு. பின்னதில் வஞ்சகம் கிடையாது. ஆயுள் காப்பீட்டுக்கு இதே வேறுபாட்டை 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட இந்தப் பிரிவுதான் உங்கள் விஷயத்துக்கு அடிப்படை.

கடிதத்தை எடுத்து, அதில் ‘மோசடி’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதிலிருந்து ‘விவரங்களைத் தவறாகக் குறிப்பிட்டார்’ என்று மட்டும்தான் இருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் இரண்டு பெரிய வித்தியாசங்கள் வருகின்றன.

மோசடி என்று சொல்லி மறுத்தால், கட்டிய பிரீமியமும் திரும்ப வராது. பாலிசிதாரர் உயிரோடு இல்லாதபோது, மோசடி இல்லை என்று காட்டும் பாரமும் குடும்பத்தின் தலையில் விழும். தவறான விவரம் அல்லது விவரத்தை மறைத்தது என்று மட்டும் சொல்லி மறுத்தால், அதுவரை வாங்கிய பிரீமியம் முழுவதையும் மறுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் நாமினிக்கோ வாரிசுக்கோ கொடுத்தாக வேண்டும். இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். வங்கிக் கணக்கில் ஏதாவது வரவு இருக்கிறதா? வரவில்லை என்றால் அதுவே ஒரு தனிப் புகார். வந்திருந்தால், ‘முழு உரிமைத் தொகைக்கான என் கோரிக்கையை விட்டுக்கொடுக்காமல் இதைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று அச்சிட்ட ரசீதில் மட்டும் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது தேதிக் கணக்கு. பாலிசி எடுத்து மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த மூன்று வருடத்தைப் பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், கூடுதல் காப்பு சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்து எண்ண வேண்டும். 2020 பிப்ரவரி பாலிசிக்கு 2023 பிப்ரவரியிலேயே மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஆனால் 2023 ஜூலையில் புதுப்பித்ததால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2026 ஜூலை வரை போகிறது.

இதைக் கடற்கரைக் குடும்பங்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்கு முன்பின் படகைக் கரையேற்றுவது, இன்ஜின் வேலை, வலை வேலை என்று செலவு குவிகிற நேரம். தவணை தவறுவது பெரும்பாலும் அப்போதுதான். ஆறு மாதத் தவணைக்கும் வருடத் தவணைக்கும் 30 நாள் சலுகை உண்டு. மாதத் தவணைக்கு 15 நாள். அதற்குள் கட்டிவிட்டால் அது புதுப்பித்தல் ஆகாது, பழைய கணக்கும் அப்படியே இருக்கும். அதைத் தாண்டிக் கட்டினால் நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கும், ஆரோக்கியம் பற்றிய உறுதிமொழி என்று ஒரு தாளிலும் பெரும்பாலும் கையெழுத்து வாங்குவார்கள். பணம் கட்டப் போன அவசரத்தில் அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. தவணை மாதத்தை மாற்ற முடியுமா என்று கம்பெனியைக் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கடல் நன்றாக இருக்கும் மாதத்திலேயே அந்தப் பணத்தை எடுத்து வைத்துவிட வேண்டும்.

உங்கள் கணவர் விஷயத்தில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. 2020இன் முன்மொழிவுப் படிவம், அதாவது பாலிசி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் ஒன்று, 2023இன் ஆரோக்கிய உறுதிமொழி இன்னொன்று. கம்பெனி இரண்டையும் சேர்த்துத் ‘தவறு’ என்கிறது. நாம் இரண்டையும் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2020 படிவம் தவறு என்று கம்பெனி எதை வைத்துச் சொல்கிறது? கடிதத்தோடு ஜிப்மர் தாள்களின் நகல் வந்திருந்தால் அவற்றில் தேடிப் பாருங்கள். ‘சர்க்கரை நோய், ஐந்து ஆண்டுகளாக’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட மறுப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற வரி அது. அவசரப் பிரிவில் நோயாளி பேச முடியாமல் கிடக்கிறார். பணியில் இருக்கும் டாக்டர், கூட வந்தவரிடம் ‘சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருடமாக?’ என்று கேட்கிறார். மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ பதற்றத்தில் ‘ஒரு அஞ்சு வருஷமா இருக்குதுங்க’ என்கிறார். அவர் குத்துமதிப்பாகச் சொன்னது. டாக்டர் அதை அப்படியே எழுதுகிறார். அந்த ராத்திரி வைத்தியத்துக்கு மூன்று வருடமா ஐந்து வருடமா என்பது பெரிய விஷயமும் இல்லை. ஆனால் விசாரணைக்கு வருகிறவர் அந்த ஐந்தை எடுத்து, 2024 நவம்பரிலிருந்து பின்னால் எண்ணுகிறார். 2019 நவம்பர் வருகிறது. பாலிசி 2020 பிப்ரவரி. ‘பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்தது, மறைத்துவிட்டார்’ என்று எழுதிவிடுகிறார். யாரோ பதற்றத்தில் சொன்ன ஒரு எண்தான் கம்பெனிக்கு ஆதாரம்.

இந்த ஆதாரம் பலவீனமானது. மருத்துவமனைக் குறிப்பில் உள்ள இப்படிப்பட்ட ஒரு வரியை மட்டும் வைத்து, அதை எழுதிய டாக்டரின் சாட்சியமோ, முன்பே சிகிச்சை எடுத்ததற்கான சீட்டோ இல்லாமல், நோய் முன்பே இருந்தது என்று முடிவு கட்ட முடியாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. உங்களிடம் அதைவிட நல்ல ஆதாரமே இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமே 2021 ஆகஸ்டில்தான் தொடங்கியது. உங்கள் வீட்டுக்கு வந்த அம்மா பெயரைப் பதிந்த தேதி, முதலில் பார்த்த சர்க்கரை அளவு, மாத்திரை கொடுக்கத் தொடங்கிய நாள் எல்லாம் ஒரு அட்டையிலோ, அவர் சார்ந்த சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலோ இருக்கும். அட்டை வீட்டில் இருந்தால் இன்றே நகல் எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் சுகாதார நிலைய மருத்துவ அதிகாரிக்கு மனு எழுதிக் கேளுங்கள். தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். ‘இன்ன தேதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது’ என்ற பதிவு கையில் இருந்தால், 2020 படிவத்தைப் பற்றிய குற்றச்சாட்டு நிற்காது.

இன்னொன்றும் பாருங்கள். பாலிசி கொடுக்கும் முன் கம்பெனியே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியதா? அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட் அவர்களிடமே இருக்கும். அதில் சர்க்கரை சரியாக இருந்திருந்தால் 2020இல் நோய் இல்லை என்பதற்குச் சாட்சி. கூடுதலாக இருந்திருந்தால், தெரிந்தேதான் பாலிசி கொடுத்தார்கள் என்று ஆகிறது.

2023 உறுதிமொழியில் விஷயம் இவ்வளவு எளிதில்லை. அதில் ‘பாலிசி எடுத்த பிறகு எனக்கு எந்த நோயும் வரவில்லை, எந்தச் சிகிச்சையும் எடுக்கவில்லை’ என்று இருக்கும். ஒன்றரை வருடமாக மாத்திரை சாப்பிட்டவர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாளில் இருப்பது உண்மை இல்லை. இதை நாம் மறுக்கக் கூடாது. மறுத்தால் உங்கள் மற்ற வாதங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது, அந்தத் தவறு யாருடையது என்பதும், அது எவ்வளவு கனமானது என்பதும்.

ஏஜெண்டிடம் சொன்னோம் என்கிறீர்கள். சொன்னது தவறாகவே இருந்தாலும், அந்த உண்மை கம்பெனிக்கு முன்பே தெரிந்திருந்தால் மோசடி என்று மறுக்க முடியாது என்று 45ஆவது பிரிவு சொல்கிறது. கூடவே ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறது: பாலிசிக்காக ஆளைப் பிடித்துப் பேசி முடிப்பவர், ஒப்பந்தம் உருவாகும் அளவில் கம்பெனியின் ஆளாகவே கருதப்படுவார். உங்களுக்குச் சாதகமான இடம் இது. ஆனால் மோசடி என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் உட்பிரிவில்தான் இந்த விளக்கம் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதோடு, கையெழுத்துப் போட்டவர் ‘ஏஜெண்ட்தான் நிரப்பினார், நான் படிக்கவில்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முன்பே வேறு கம்பெனியில் எடுத்த பாலிசியைப் பற்றிச் சொல்லாமல் விட்ட வழக்கு அது. கம்பெனியின் பதிலில் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் எடுத்துக் காட்டுவார்கள். அதனால் ‘படிக்கத் தெரியாது’ என்பதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். ‘நாங்கள் சொன்னோம், உங்கள் ஆள் எழுதவில்லை’ என்பதுதான் உங்கள் வாதம். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சொன்னதற்கு ஆதாரம் வேண்டுமே? ஏஜெண்டோடு பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவு, பணம் அனுப்பியபோது போட்ட செய்தி என்று கணவரின் போனில் எது இருந்தாலும் அழிக்காதீர்கள். போனையே மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். உறுதிமொழித் தாளை நிரப்பிய எழுத்து ஏஜெண்டுடையதா என்று பாருங்கள். படிவம் ஆங்கிலத்தில், கையெழுத்துத் தமிழில் என்றால், ‘கேள்விகளையும் பதில்களையும் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கினேன்’ என்று படிவத்தின் அடியில் ஒருவர் உறுதி கொடுத்திருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கிறதா, யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பார்ப்பது முக்கியம். இன்னும் ஒரு தாள் உண்டு. பல குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாலிசி போடும்போது ஏஜெண்ட் தனியாக ஒரு ரகசிய அறிக்கை கொடுப்பார். இவரை எத்தனை வருடமாகத் தெரியும், உடல்நிலை எப்படி இருக்கிறது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார். ஒரே தெருவில் குடியிருப்பவர் ‘பல வருடமாகத் தெரியும்’ என்று எழுதியிருந்தால், அவருக்கு எதுவும் தெரியாது என்று கம்பெனி பிறகு சொல்வது கஷ்டம். அதன் நகலையும் கேளுங்கள்.

கனம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். எல்லாத் தவறான விவரமும் பாலிசியைக் கவிழ்த்துவிடாது. கம்பெனி ஏற்றுக்கொண்ட ஆபத்தோடு நேரடித் தொடர்பு இருந்தால்தான் அது பொருட்படுத்த வேண்டிய விவரம். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று காட்டும் பொறுப்பும் கம்பெனிக்குத்தான் என்று சட்டம் சொல்கிறது. ‘கொடுத்திருக்கவே மாட்டோம்’ என்ற அளவுக்குக் காட்ட வேண்டும் என்பதை நன்றாகக் கவனியுங்கள். கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி கொடுப்பது இன்று சாதாரணமாக நடப்பது. உங்கள் கணவர் ஒரு மாத்திரையோடு, படகு ஓட்டிக்கொண்டு நல்லபடியாக இருந்தவர். உண்மையை எழுதியிருந்தால் சில நூறு ரூபாய் கூடக் கேட்டிருப்பார்களா, ஒரேயடியாக மறுத்திருப்பார்களா? கம்பெனி தன் விதிமுறையைக் காட்டிப் பதில் சொல்லட்டும். என் பார்வையில் உங்கள் வழக்கின் பலம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய சர்க்கரை அளவுகள் மாதாமாதம் பதிவாகியிருக்கும் அந்த அட்டை இங்கேயும் கை கொடுக்கும்.

‘வேறு நோயை மறைத்து, வேறு காரணத்தால் இறந்தால் பணம் கிடைக்குமாமே’ என்று யாராவது சொல்லலாம். 2015இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கில் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கச் சொன்னது உண்மைதான். சொல்லாமல் விட்டது முதுகுத்தண்டு நோய், மரணம் மாரடைப்பால். உங்களுக்கு அது அவ்வளவாக உதவாது. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இல்லை என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். அந்த வாதத்தை முன்னால் வைத்து உங்கள் மனுவைப் பலவீனமாக்க வேண்டாம்.

வயது விஷயம் சின்னது. பள்ளிச் சான்றில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்பது அந்தத் தலைமுறையில் சகஜம். வயது தவறாக இருந்தது பின்னால் தெரிந்தால், சரியான வயதுக்கு ஏற்ப பாலிசி விதிகளைச் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் 45ஆவது பிரிவு பேசுகிறது. அதாவது இரண்டு வயதுக்கு உண்டான பிரீமிய வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக் கழித்துக்கொள்வார்கள், அல்லது தொகையை அந்த அளவுக்குக் குறைப்பார்கள். அந்த பாலிசியில் சேரவே முடியாத வயது என்றால் ஒழிய, வயதைக் காரணம் காட்டி முழுப் பணத்தையும் மறுக்க முடியாது. ‘வயது வித்தியாசத்தைச் சட்டப்படி சரிசெய்துகொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரே வரியில் எழுதி அதை முடித்துவிடுங்கள்.

இன்னொரு வழியையும் சொல்லி வைக்கிறேன். புதுப்பித்தது செல்லாது என்றே கம்பெனி நின்றாலும், அதற்கு முந்தைய நிலை அழிந்துவிடாது. 2020 பிப்ரவரியிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை ஆறு தவணை, அதாவது மூன்று வருடப் பிரீமியம் முழுவதும் கட்டியிருக்கிறீர்கள். இது வெறும் டேர்ம் பாலிசியாக இல்லாமல் சேமிப்பும் சேர்ந்த பாலிசியாக இருந்தால், கட்டிய அளவுக்கு ஒரு மதிப்பு அதில் சேர்ந்திருக்கும். ‘செலுத்தி முடித்த மதிப்பு’ என்பார்கள். கடைசி நிலையில் அதையாவது கொடுங்கள் என்று மாற்றுக் கோரிக்கையாக மனுவில் சேர்க்கலாம். முதல் கோரிக்கை முழுத்தொகையாகவே இருக்கட்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். மறுப்புக்கான காரணத்தையும், எந்த ஆவணத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதையும் எழுத்தில் சொல்லும் கடமை கம்பெனிக்கு உண்டு. அதனால் முன்மொழிவுப் படிவம், புதுப்பித்தபோது வாங்கிய உறுதிமொழி, ஏஜெண்டின் ரகசிய அறிக்கை, மருத்துவப் பரிசோதனை ரிப்போர்ட், விசாரணை அறிக்கை எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். கூடவே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ‘2021 இன்ன மாதம் சர்க்கரை தெரிந்தது. 2023இல் புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் சொன்னோம். எழுத வேண்டாம் என்றார்.’ இவ்வளவு போதும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பணம் கேட்டு நீங்கள் முதலில் கொடுத்த படிவத்தில், ‘இறந்தவருக்கு வேறு நோய் இருந்ததா, எப்போதிலிருந்து’ என்ற கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? அதையும் வேறு யாராவது நிரப்பி, ‘எந்த நோயும் இல்லை’ என்று போட்டிருக்கலாம். அப்படி இருந்தால் இந்தக் கடிதத்திலேயே, ‘அந்தப் பதில் தவறு, சரியான விவரம் இது’ என்று நீங்களே திருத்திவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்வது ரொம்ப முக்கியம். கணவர் பெயரில் உள்ள தவறை நீங்கள் விளக்கலாம். உங்கள் பெயரில் ஒரு தவறு இருந்தால் உங்கள் விளக்கத்தையே சந்தேகிப்பார்கள். வீட்டுக்கு வந்த விசாரணைக்காரர் வெள்ளைத் தாளிலோ ஆங்கிலத்தில் எழுதிய தாளிலோ கையெழுத்து வாங்கிப் போயிருந்தால், அதையும் தேதியோடு எழுதிவிடுங்கள். சர்க்கரையே இல்லை என்று காட்டச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு தாள் உள்ளே நுழைந்தால், இதுவரை இல்லாத மோசடி அன்றைக்குத்தான் உண்டாகும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரியிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரம், காரைக்காலுக்கும் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள அலுவலகம்தான். 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் கிடையாது. நீங்களே பேச வேண்டும், தமிழிலேயே பேசலாம். ஆம்பட்ஸ்மேன் உங்களுக்குச் சாதகமாகச் சொன்னால் கம்பெனி 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். அதனால் வரிசை மாறக் கூடாது. ஆம்பட்ஸ்மேனிடம் போக ஒரு வருடக் கெடு. பாதுகாப்புக்கு அதை இப்போது கையில் இருக்கும் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையம் என்றால் கெடு இரண்டு வருடம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் கட்டிய பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

முழுப் பணமும் கிடைக்குமா? 2020 படிவம் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 2023 உறுதிமொழியில், ஏஜெண்டிடம் சொன்னதற்கு ஒரு சின்ன ஆதாரம் கிடைத்தாலும் உங்கள் பக்கம் நன்றாக வலுக்கும். அது கிடைக்காவிட்டாலும், உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று கம்பெனி காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கிறது. மோசடி என்று கம்பெனி சொல்லாதவரை, எல்லாம் எதிராகப் போனாலும் கட்டிய பிரீமியம் உங்களுடையது.

மறுப்புக் கடிதம், பாலிசிப் பத்திரம், மருந்து அட்டை, 2023 ஜூலையில் பணம் கட்டிய ரசீது நான்கையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அந்த ரசீதில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்கான கடிதத்தை இந்த வாரமே தபாலில் சேருங்கள்.